வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

காலையில் வண்டியை எடுத்து முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளும்போது மட்டும் "கர்ர்" என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் ஓடினால் காணாமல் போய்விடும், மறுநாள் காலை திரும்ப வரும். என் பழைய ஹேட்ச்பேக்கில் இது ஆரம்பித்தது கியர் ஆயில் மாற்றிய அடுத்த வாரம். மாற்றியவரிடம் கேட்டேன். "ஜிஎல்-5 போட்டிருக்கேன் சார், இருக்கிறதிலேயே ஒசத்தி, ஆயில் மேல பழி போடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஜிஎல்-4 என்ற இன்னொரு வகை கியர் ஆயிலை விட அதிக அழுத்தம் தாங்குவது ஜிஎல்-5தான். ஆனால் அந்த ஒசத்திதான் என் கியர் பாக்ஸுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது ஒரு பற்சக்கரம் விலகி இன்னொன்று வந்து மாட்டிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இன்றைய கார்களில் அப்படி இல்லை. முன்னால் போகும் கியர்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதைத் தண்டோடு சேர்த்துப் பூட்டுவது என்பதைத்தான் நம் கையிலிருக்கும் லிவர் முடிவு செய்கிறது. பூட்டுவது ஒரு சறுக்கும் வளையம். அது போய் மாட்ட வேண்டிய கியர் வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் பல்லோடு பல் உரசும். அதுதான் அந்த "கர்ர்".

இரண்டின் வேகத்தையும் சமமாக்க நடுவில் ஒரு சின்ன ஆள் உட்கார்ந்திருக்கிறது: சின்க்ரோ ரிங். பல வண்டிகளில் பித்தளையில் செய்தது. உள்பக்கம் கூம்பு மாதிரி சரிந்திருக்கும், கியரின் பக்கத்திலும் அதற்கேற்ற ஒரு எஃகுக் கூம்பு இருக்கும். ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் இறுகிக்கொண்டு கழற்ற வராமல் படுத்துமே, அதே சங்கதிதான். லிவரைத் தள்ளியதும் இந்த வளையம் கூம்பின் மேல் அழுந்தி, உராய்ந்து, கியரின் வேகத்தை இழுத்துச் சமன் செய்கிறது. சமமாகும் வரை சறுக்கும் வளையத்தை உள்ளே விடாமல் மறித்தும் நிற்கிறது. எல்லாம் கண் மூடித் திறக்கும் நேரத்தில். இந்த ஏற்பாட்டை 1928இல் காடிலாக் நிறுவனம்தான் முதலில் காரில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஓட்டுபவரே கிளட்சை இரண்டு முறை மிதித்து, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, காதால் கேட்டு வேகத்தைப் பொருத்த வேண்டும். பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால் டபுள் கிளட்ச் கதை நிறையச் சொல்வார்கள்.

இந்தப் பித்தளை வளையத்தைக் கையில் எடுத்து உள்பக்கம் நகத்தால் வருடிப் பாருங்கள், திருகாணி மரை மாதிரி மெல்லிய வரிகள் தட்டுப்படும். அவை அழகுக்கு இல்லை. கூம்பின் மேல் படிந்திருக்கும் ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்கத்தான் அந்த வரிகள். படலம் விலகினால்தான் பித்தளை எஃகைப் பிடிக்க முடியும்.

இப்போது ஆயிலின் பாடு புரிந்திருக்கும். பற்களுக்கு நடுவில் அது நன்றாக வழுக்க வேண்டும். அங்கிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, இந்த வளையத்தில், அளவுக்கு மேல் வழுக்கவே கூடாது. இரண்டுக்கும் ஒரே ஆயில்!

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற பிரிவெல்லாம் அமெரிக்க பெட்ரோலியக் கழகம் கொடுத்த வகைப்பாடு. இது தர வரிசை இல்லை, வேலைப் பிரிவினை; இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். பின்சக்கரத்தை இழுக்கும் வண்டிகளில் அச்சின் நடுவே, என்ஜின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இருக்கும். அதிலுள்ள ஹைப்பாய்டு வகைப் பற்கள் உருளுவதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று பயங்கர அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். சூடேறும் புள்ளிகளில் அவை இரும்போடு வினைபுரிந்து மென்மையான ஒரு பூச்சை உண்டாக்கும், பல்லுக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும். புது கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை இந்தக் கந்தகத்தின் உபயம்தான்.

ஜிஎல்-5இல் இந்தச் சேர்மங்கள் ஜிஎல்-4ஐப் போலச் சுமார் இரண்டு மடங்கு. இரும்புக்கு நல்லது. பித்தளையில் செம்பு இருக்கிறதே, வீரியமான கந்தகம் பட்டால் அது கறுக்கும், கறுத்த படலம் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து போகும். எல்லா ஜிஎல்-5 ஆயிலும் பித்தளையைத் தின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். கந்தகத்தை அடக்கி வைத்துத் தயாரிப்பவையும் உண்டு, சில வண்டிகளின் கையேட்டிலேயே கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 போடச் சொல்லியிருக்கும். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4, அவ்வளவுதான். முன்சக்கர வண்டிகளில், என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் வகையென்றால், டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸுக்குள்ளேயே சாதாரணப் பற்களோடு இருப்பதால் ஜிஎல்-5இன் முரட்டுத்தனம் அங்கே பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

அடுத்தது கெட்டி. என்ஜின் ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்றும் கியர் ஆயிலில் 75டபிள்யூ-90 என்றும் பார்த்துவிட்டு, கியர் ஆயில் தார் மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த எண்கள் கெட்டியைச் சொல்பவைதான் (டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில், பின்னால் இருப்பது சூட்டில்), ஆனால் இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். சூடான நிலையில் 90ஆம் நம்பர் கியர் ஆயில், 40 அல்லது 50ஆம் நம்பர் என்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி.

என் கார் கேட்டது 75டபிள்யூ-80, ஜிஎல்-4. ஊற்றியிருந்தது 80டபிள்யூ-90, ஜிஎல்-5. காலையில் மட்டும் சத்தம் வந்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கெட்டிதான் என்று நினைக்கிறேன். சாதாரண 80டபிள்யூ-90 ஆயிலுக்கு 40 டிகிரியில் இருக்கும் பாகுத்தன்மை 100 டிகிரிக்குப் போகும்போது சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு 25 டிகிரியே குளிர்தான். கெட்டியான படலத்தை அந்த மெல்லிய வரிகள் வெட்டி முடிப்பதற்குள் நான் லிவரைத் தள்ளிவிடுகிறேன்.

ஆயில் மேல் பழி போடும் முன் ஒரு சோதனை. வண்டி நிற்க, என்ஜின் ஓட, கிளட்சை முழுக்க மிதித்து நாலு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் சரியாக விடவில்லை என்று அர்த்தம். எந்த ஆயிலும் அதைக் குணப்படுத்தாது.

சரி, மாற்றுவது. ஒரு பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். அப்புறம், எல்லாவற்றையும் விட முக்கியமானது: முதலில் கழற்ற வேண்டியது ஆயில் ஊற்றும் மேல் பிளக். கீழே இருக்கும் ட்ரெயின் பிளக்கை முதலில் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, அதற்கப்புறம் மேல் பிளக் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்றால், வண்டி அங்கேயே படுத்துவிடும். (சில வண்டிகளில் ஊற்ற தனி பிளக்கே இருக்காது, வேறொரு பாகத்தைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஊற்ற வேண்டும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.)

பெரும்பாலும் ட்ரெயின் பிளக்கின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். நான் அதை எடுத்தபோது கண்மை மாதிரி கருஞ்சாம்பல் பசை அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் நெருடவில்லை, அது சாதாரணத் தேய்மானம். ஊசி போன்ற துண்டுகள் வந்தால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதை வடிந்த ஆயிலில் தேட வேண்டும். தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், லேசாகப் பொன் துகள் மினுமினுத்தது. ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாக இப்படிப் போகும், கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டியதுதான்.

புது வாஷர் போட்டு ட்ரெயின் பிளக்கை மூடி, குழாய் மாட்டிய பம்பால் புது ஆயிலை ஏற்றினேன். என் வண்டிக்கு அளவு மேல் ஓட்டையின் விளிம்புதான், அங்கே வழிய ஆரம்பித்தால் போதும். அதற்கு மேல் அடைத்தால் நுரைக்கும், சீல் கசியும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த நாள் காலையிலேயே இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்தது. ரிவர்ஸ் மட்டும் அவ்வப்போது கத்துகிறது. அதற்கு என் வண்டியில் சின்க்ரோவே கிடையாது, முழுசாக நிற்பதற்குள் நான்தான் போட்டுவிடுகிறேன்.