ஈமுவுக்கு நாமக்கல் கணக்கு செல்லாது

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஜனங்களிடம் முதலீடு வாங்கிய ஈமு கம்பெனிகள் கவிழ்ந்ததோடு ஈமு வளர்ப்புப் பேச்சே முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஓமலூர், வாழப்பாடி பக்கம் தோட்டத்தில் நாலைந்து பறவையை வைத்துக்கொண்டு "முட்டையே வைக்க மாட்டேங்குதுங்க டாக்டர்" என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தால் கொட்டகையில் ராத்திரி பத்து மணி வரை பல்பு எரிகிறது. முட்டைக்கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் வரும் வினை. லேயர் எனும் முட்டைக்கோழிக்கு வெளிச்ச நேரம் கூடினால் முட்டை கூடும், சரி. ஈமுவுக்கு நேர்மாறு, பகல் சுருங்கும்போதுதான் அதற்குப் பருவம் வரும். நம் ஊரில் அக்டோபரில் ஆரம்பித்து பிப்ரவரி, மிஞ்சினால் மார்ச். சித்திரை வெயிலில் அதைத் திட்டிப் பிரயோசனமில்லை.

லேயர் வருடத்துக்கு 300 முட்டை தாண்டும். ஈமு ஒன்றரை, இரண்டு வயதில் பருவத்துக்கு வந்து, மூன்று நாலு நாளுக்கு ஒன்றாக, அதுவும் பொழுது சாயும் நேரத்தில் வைக்கும். முதல் வருடம் 15, அப்புறம் 25, 30. இதில் கருக்கூடாத முட்டையும் உண்டு.

"ஜோடி" என்று வாங்கிய இரண்டுமே பெட்டையாக இருப்பதும் நடக்கிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வளர்ந்த பெட்டை கழுத்தை உப்பிக்கொண்டு தூரத்தில் பறை அடிப்பதுபோல 'டும் டும்' என்று முழங்கும், சேவல் உறுமும். அதைக் காதால் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கான கிளிஞ்சல் தூளை வருடம் முழுக்க அள்ளிப் போடவும் வேண்டாம். பருவத்துக்கு மூன்று நாலு வாரம் முன்பு கூட்டினால் போதும். முன்கூட்டியே அதிகமானால் முட்டையும் கெடும், சேவலின் வீரியமும் குறையும்.

அடுத்தது ஐப்பசி மழை. சேற்றில் கிடந்த முட்டை ஓட்டுக்குள் கிருமி போய்விடும், அதனால் மூலையில் ஆற்று மணல் கொட்டி, இருட்டியதும் எடுத்துவிடுங்கள். அடைக்கு 52 நாள் ஆகும். இன்குபேட்டரில் ஈரப்பதம் 30-40 சதவீதம்தான் இருக்க வேண்டும். ஏற்காடு அடிவாரத்துக்காரர்கள் மழை மாதத்தில் தண்ணீர்த் தட்டையே எடுத்துவிடலாம். கரும்பச்சை ஓடு என்பதால் உள்ளே கரு வளர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதெல்லாம் நடக்காது, தராசுதான் வழி. 600 கிராம் முட்டை அடை முடிவதற்குள் 60 முதல் 90 கிராம் வரை இளைக்க வேண்டும். இளைக்கவில்லை என்றால் குஞ்சு உள்ளேயே நீர் கோத்து, ஓட்டை உடைக்க முடியாமல் செத்துவிடும்.