குழி விழுந்த மெழுகுவர்த்தி: மழையின் மேல் பழி போடலாமா?

‘மழை நாளில் வார்க்கும் மெழுகுவர்த்தியில் மட்டும் திரியைச் சுற்றிக் குழி விழுகிறதே, மெழுகு ஈரத்தை இழுத்துக்கொள்வதாலா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாரஃபின் மெழுகு ஈரத்தை இழுக்காது. அது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கலவை. தண்ணீரோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. மழை நாளில் அறை குளிர்ந்துவிடுகிறது. குழி பறிப்பது அந்தக் குளிர்தான்.

உருகிய பாரஃபினின் அடர்த்தி 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.77 கிராம். உறைந்தபின் சுமார் 0.9. வகுத்துப் பாருங்கள்: குப்பியில் ஊற்றிய 100 மில்லி, உறைந்ததும் 86 மில்லிக்குள் அடங்கிவிடுகிறது. நெளிந்து கலைந்து கிடந்த சங்கிலிகள் நிமிர்ந்து அருகருகே அடுக்கிக்கொள்வதால் இவ்வளவு இடம் மிச்சமாகிறது. மிச்சமான 14 மில்லி எங்காவது காலியிடமாகத் தலைகாட்டியே தீரும். எங்கே என்பதில்தான் வானிலை கைவைக்கிறது.

அறை 28, 30 டிகிரியில் இருந்தால் மெழுகு நிதானமாகக் குளிரும். ஓரத்துக்கும் நடுவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. மேல்மட்டம் மொத்தமாகக் கீழே இறங்கி, லேசான பள்ளத்தோடு நின்றுவிடும். 18 டிகிரி அறையில் கதை வேறு. கண்ணாடியை ஒட்டிய மெழுகு முதலில் உறைந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறது. காற்று படும் மேற்பரப்பிலும் ஆடை கட்டிவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட திரவமும் சுருங்கத்தான் செய்யும். ஆனால் சுவரோரமும் மேலாடையும் இறுகிவிட்டதால் அவை கூடவே இறங்கி வராது. ஆடைக்கு அடியில் திரவ மட்டம் மட்டும் தாழ்ந்து, வெற்றிடம் திறக்கிறது. கடைசியாக உறைவது குப்பியின் நடுப்பகுதி, அதாவது திரி நிற்கும் இடம். அதனால்தான் ஓட்டை எப்போதும் திரியோரமாகவே விழுகிறது. ஆடை மெல்லியதாக இருந்தால் உள்வாங்கிக் குழியாகத் தெரியும். தடித்திருந்தால் இன்னும் மோசம்: மேலே வழவழவென்று இருக்கும், உள்ளே பொந்து. பாதி எரிந்ததும் உருகிய மெழுகு அந்தப் பொந்துக்குள் இறங்கிவிட, திரி நீட்டிக்கொண்டு நிற்கும், சுடர் திடீரென உயர்ந்து புகையும்.

கைவைத்தியம் இதுதான். குப்பியை 50 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, மெழுகை 75 டிகிரியில் ஊற்றுங்கள். மொத்த மெழுகில் 15 சதவீதத்தைத் தனியே நிறுத்திவையுங்கள். ஆடை கட்டி, விரலால் அழுத்தினால் அமுங்கும் பதத்தில், திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் கம்பியால் கிட்டத்தட்ட அடிவரை குத்துங்கள். மிச்ச மெழுகை 80 டிகிரியில் ஊற்றி நிரப்புங்கள். முதல் ஊற்றலைவிட 5 டிகிரி கூடுதல் சூடு இருந்தால்தான் பழைய பரப்பு சற்று இளகிப் புதியதோடு ஒட்டும். முதல் மட்டத்தைத் தாண்டி ஊற்றக் கூடாது. ஊற்றினால் கண்ணாடிக்கும் மெழுகுக்கும் நடுவே வழிந்து கறைபோல் தெரியும். மின்விசிறிக் காற்று ஒரே பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் முந்தி உறைந்து பொந்து மறுபுறம் ஒதுங்கும். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினால் போதும். ‘இத்தனை டிகிரியில் ஊற்றவும்’ என்று மட்டும் எழுதி, அறை வெப்பநிலை பற்றி வாய் திறக்காத செய்முறைக் குறிப்புகள், என்னைக் கேட்டால், பாதிக் குறிப்புகளே.

குளிர்ந்த இரவுக்குப் பிறகு கண்ணாடியில் ஈரத்திட்டு போலத் தெரிவதும் ஈரமல்ல. வெப்பம் மாறும்போது மெழுகு கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சுருங்கும். பிடி விட்ட இடத்தில் மெல்லிய காற்றுப் படலம் புகுந்து ஒளியை வேறுவிதமாகப் பிரதிபலிக்கிறது. எரிவதில் ஒரு குறையும் வராது. சோயா மெழுகில் பூக்கும் வெண்பூச்சும் அப்படித்தான். பழைய சாக்லேட்டின் மேல் படரும் வெள்ளையைப் போல, கொழுப்புப் படிகங்கள் வேறு வடிவத்துக்கு மாறுவதன் விளைவு. பகலும் இரவும் வெப்பநிலை ஏறி இறங்கும் இடத்தில் சீக்கிரம் வரும்.

அப்படியானால் ஈரப்பதத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, திரியிலும் கண்ணாடியிலும். பருத்தித் திரி ஈரம் உறிஞ்சும். உப்பில் ஊறவைத்துக் காயவைத்த வீட்டுத் திரி என்றால் கேட்கவே வேண்டாம்: காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசியத் தொடங்கும். அந்த நீர் ஆவியாகும்போதுதான் சுடர் படபடவென்று பொரிகிறது. இதில் சகுனம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. திரியை உருகிய மெழுகில் மூழ்கவிட்டால் நுனியிலிருந்தும் பின்னல் இடுக்கிலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அவை முழுக்க நின்றபின் எடுத்து, நேராக இழுத்து உலர்த்துங்கள். பிறகு ஈரம் உள்ளே போக இடமிருக்காது.

30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. ஏசி அறையில் 24 டிகிரியில் இருந்த குப்பியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் உட்சுவரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்படலம் படியும். அதன்மேல் ஊற்றிய மெழுகு ஒட்டாது. குப்பியைச் சூடாக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கோடையின் தொல்லை எண்ணெய்க் கசிவு. வாசனை எண்ணெய் மெழுகுப் படிகங்களின் இடுக்கில்தான் தங்கியிருக்கிறது. மெழுகு இளகினால் முத்து முத்தாக மேலே வந்துவிடும். 500 கிராம் மெழுகுக்கு 30 கிராமோடு நிறுத்துங்கள். குப்பியில்லாமல் நிற்கும் வர்த்திக்கு 58 முதல் 60 டிகிரியில் உருகும் பாரஃபினை எடுத்து, மெழுகை இறுக்கும் ஸ்டியரிக் அமிலம் (ஒரு கொழுப்பு அமிலம்) 10 சதவீதம் சேர்த்தால் வெயிலில் வளையாது. அச்சிலிருந்து கழற்ற வரவில்லை என்றால் ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், திடீர்க் குளிரில் உடல் முழுக்க வெடிப்பு ஓடும். வெளியே எடுத்ததும் மேலே வியர்க்கும் நீரைத் துடைத்து, திரி நுனி உலர்ந்தபின் ஏற்றுங்கள்.