அப்பீல் போட்டுவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கலாமா?

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து சென்ற வாரம் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மோசடி வழக்கில் மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்று, ஊட்டி அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதால் வெளியில் இருப்பவர். பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், அனுமதியின்றித் தமிழ்நாட்டை விட்டுச் செல்லக் கூடாது என்பவை நிபந்தனைகள். துபாயில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவர் நீட்டிய பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கு நீதிமன்றம் முத்திரையிட்டுத் தந்த ரசீதும், அதே பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் அவர் கொடுத்த புகாரின் நகலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. புதிய பாஸ்போர்ட்டுக்கான விண்ணப்பத்தில் குற்ற வழக்கு, தண்டனை பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார். காவல்துறை விசாரணையில் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. இந்த ஆண்டில் என்னிடம் வந்த மூன்றாவது சம்பவம் இது.

"அப்பீல் போட்டு ஸ்டே வாங்கியாச்சே, அப்புறம் ஏது சார் தண்டனை?" என்று கேட்டார்.

அவர் 'ஸ்டே' என்று நினைத்திருப்பது தண்டனை நிறுத்திவைப்பு மட்டுமே. 2024 ஜூலை வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவில் இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430ஆம் பிரிவில் இருக்கிறது. சிறைக்குச் செல்வது மேல்முறையீடு முடியும்வரை தள்ளிவைக்கப்படுகிறதே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைக்கக் கோருவது வேறு. அதை நீதிமன்றங்கள் அரிதாகவே ஏற்கின்றன. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமும் நீங்கள் சிறையில் இருக்கிறீர்களா என்று பார்ப்பதில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், மோசடி போன்ற ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காக, 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதா என்றுதான் பார்க்கிறது. உண்மையை மறைத்து விண்ணப்பிப்பது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் தனிக்குற்றம். 2 ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பழைய வழக்கோடு இப்போது புதிய வழக்கும் சேர்ந்துகொண்டது.

மாநில எல்லை நிபந்தனையை நம் பகுதியில் யாரும் பொருட்படுத்துவதே இல்லை. சேரம்பாடிக்காரருக்கு ஊட்டியைவிடச் சுல்தான் பத்தேரிதான் பக்கம். மருத்துவமனைக்குக்கூட அங்கேதான் போவார். ஆனால் தாளூரைத் தாண்டினால் கேரளம். சிகிச்சைக்காகப் போக வேண்டியிருந்தால் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி முன்னதாகவே மனுப் போடுங்கள். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லையே என்று என்னிடம் வாதாடியவரும் உண்டு. நாட்டை விட்டுச் செல்லக் கூடாது என்ற உத்தரவு நேபாளத்துக்கும் பொருந்தும்.

இத்தனைக்கும் அனுமதி கேட்பது அப்படியொன்றும் கடினமில்லை. எங்கே, யாரைப் பார்க்க, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த முகவரியில் தங்குவீர்கள் என்பதை அழைப்புக் கடிதத்தோடும் மருத்துவச் சான்றோடும் மனுவில் தெரிவியுங்கள். தயவுசெய்து டிக்கெட்டை முன்பே எடுத்துக்கொண்டு வராதீர்கள். அதைக் காட்டி அவசரப்படுத்துவதை எந்த நீதிபதியும் விரும்புவதில்லை. திரும்பியதும் பாஸ்போர்ட்டை மீண்டும் ஒப்படைத்துவிடுங்கள்.

பந்தலூர்க்காரருக்கும் அனுமதி மனுத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். விசாரணைக்கு வரும் நாளில் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தப் புகார் நகலைத்தான்.