பாஸ்வேர்ட் கேட்கிறவன் கை ஓங்குவானா?

"அடிக்கல்லாம் மாட்டான் மிஸ், ஹென்ட்போனை மட்டும்தான் செக் பண்ணுவான்." மலேசியாவில், பினாங்கில் உளவள ஆலோசகராக இருக்கும் எனக்கு, காதலன் அடிப்பானா என்று கேட்டால் வரும் இந்தப் பதில் பழகிப்போனது. பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறாள், கல்லூரிப் பிள்ளையும் இதைத்தான் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் இரவு ஒரு மணிக்கு ஆன்லைனில் இருந்தால் யாரோடு பேச்சு என்று விசாரணை, பினாங்குப் பாலத்து ஜாமில் லைவ் லொக்கேஷன் நகராமல் நின்றால் விடாமல் போன் மேல் போன், எல்லாவற்றுக்கும் "என் மேல பாசம் அதிகம்" என்று விளக்கம் வேறு.

2013இல் அமெரிக்காவின் அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பள்ளி மாணவர்கள் 5,647 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். காதல் உறவில் இருந்தவர்களில் 26 விழுக்காட்டினர் துணையால் இணையவழித் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கணக்கு: அவர்களில் 84 விழுக்காட்டினர் துணையிடம் மனரீதியான கொடுமையும் அனுபவித்தவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அடியும் வாங்கியவர்கள். போனால்தான் அடி வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பது தெரிகிறது.

"அது வெள்ளைக்காரன் பிள்ளைங்க" என்று ஒரு அப்பா வாதாடினார். சரி, நம் எண்ணிக்கை வேறாக இருக்கட்டும், பாஸ்வேர்ட் கேட்கும் தோரணையில் என்ன வித்தியாசம் இருக்கிறது?

பகடிவதை (புல்லியிங்) ஆய்வின் முன்னோடி, நார்வேயில் பணியாற்றிய டான் ஒல்வியஸ், மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்கப் பலமில்லாதவரிடம் செய்வது. இணையத்தில் இரண்டாவது கொஞ்சம் மாறிவிடுகிறது. பிரிந்த கோபத்தில் ஒருவன் ஒரு படத்தை ஒரே ஒரு தடவை போட்டால் போதும், மிச்சத்தைத் தாமான் (குடியிருப்பு) குரூப்பும் சொந்தக்காரர் குரூப்பும் பார்த்துக்கொள்ளும்.

சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், மனைவி, மணமுறிவு பெற்றவர், குடும்பத்தார் என்று நிற்கிறது, காதலன் அதற்குள் வரமாட்டான். பலருக்கு இங்கேயே மனம் விட்டுப்போகிறது. ஆனால் 2023இல் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த 507ஏ பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது யாராக இருந்தாலும் பொருந்தும், மூன்று ஆண்டு வரை சிறை. 2024இல் டிக்டாக் வசையால் நம் சமூகப் பெண் ஒருவர் உயிரிழந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்தது 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். வயிறெரிந்தது. அதன் பிறகுதான் பகடிவதையே தனிக் குற்றமாகி, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தது.

பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறார்கள், அது வேண்டாம். பிளாக் செய்யும் முன் நம்பர், தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வாய்ஸ் மெசேஜையும் சேமியுங்கள், நம்பிக்கையான அக்காவுக்கோ தோழிக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள், அவன் பாஸ்வேர்ட் வைத்திருக்கும் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஏற்கெனவே கை ஓங்கியவன் என்றால் லொக்கேஷனைத் திடீரென்று அணைக்கும் முன் எங்கே தங்குவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், பிடி நழுவும் நேரத்தில்தான் ஆபத்து கூடும். பெற்றோரே, போனைப் பிடுங்காதீர்கள், அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வராது. அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே (Talian Kasih), எண் 15999, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போனால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ரிப்போர்ட் நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள்.