நிறுத்திய மின்சாரம் காட்டும் பள்ளத்தாக்கு

"ஹெலிகாப்டரில் பறந்தபடியே நிலத்தடி நீரைப் பார்த்துவிட முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நீரை நேரடியாகப் பார்க்க முடியாது. நீர் தங்கும் மணல் எங்கே, களிமண் எங்கே என்று பார்க்கலாம். டென்மார்க்கில் அதைத்தான் செய்தார்கள்.

பனியுகத்தில் அங்கே பெரும் பனிப்பாளம் படர்ந்திருந்தது. அதன் அடியில் உருகிய நீர், பனியின் எடை தந்த அழுத்தத்தில் சீறி ஓடித் தரையைக் குடைந்து பள்ளத்தாக்குகளை உண்டாக்கியது. அழுத்தம் இருந்ததால் மேட்டிலும் ஏறி ஓடியது. அந்தப் பள்ளத்தாக்குகளின் அடித்தளம் ஏறி இறங்கிக் கிடப்பது அதனால்தான். சிலவற்றின் ஆழம் 300 மீட்டரைத் தாண்டும். அப்புறம் மணல், சரளை, களிமண் எல்லாம் வந்து நிரம்பிவிட்டன. இன்று மேலே வெறும் வயல்; நீர் தங்கும் மணல் அடியில் ஒளிந்திருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெலிகாப்டருக்குக் கீழே பெரிய கம்பி வளையம் தொங்கும். அதில் மின்சாரம் பாய்ச்சி, சட்டென்று நிறுத்துவார்கள். நிலத்தின் பதில் நிறுத்திய பிறகுதான் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வளையத்தின் காந்தப்புலம் திடீரென மறைந்ததும், காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும் என்ற ஃபாரடே விதிப்படி நிலத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. புகை வளையம் போல விரிந்துகொண்டே அது கீழே இறங்கும். களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அங்கே தயங்கித் தயங்கி மெல்லத் தேயும். நன்னீர் நிறைந்த மணலில் மின்தடை அதிகம். விறுவிறுவென்று இறங்கி மங்கிவிடும். இந்தத் தேய்வை இன்னொரு சுருள் அளந்துகொண்டே இருக்கிறது. முதல் சில மைக்ரோ வினாடிகள் மேல்மண்ணைச் சொல்லும். மில்லி வினாடிகள் கழித்து வருவது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தைச் சொல்லும். நேரமே ஆழமாகிவிடுகிறது!

உப்புநீர் ஊறிய மணலும் களிமண்ணைப் போலவே தெரியும். ஆகவே ஆங்காங்கே துளையிட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும். குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பதை நான் ஏற்காததும் அங்கே இப்படிச் சரிபார்ப்பு இல்லை என்பதால்தான்: நிலத்தடி நீர் பரவலாக உள்ள ஊரில் எங்கே தோண்டினாலும் நீர் வரும், குச்சி தவறென்று தெரியாமலே தப்பித்துக்கொள்ளும்.

டென்மார்க் 1999இல் தேசிய அளவில் இந்த வரைபட வேலையைத் தொடங்கியது. செலவுக்காக நீர்க் கட்டணத்தில் ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கினார்கள். ஸ்கைடெம் என்ற ஹெலிகாப்டர் கருவியை ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியதும் இந்தத் தேவைக்காகத்தான். ஆய்வுக்கு இப்படித்தான் பணம் தர வேண்டும் என்பேன். அங்கே குடிநீர் கிட்டத்தட்ட முழுவதும் நிலத்தடி நீர். பள்ளத்தாக்கின் மேல் களிமண் மூடியிருந்தால் உரத்தின் நைட்ரேட் எளிதில் இறங்காது. மேல்வரை மணலாக இருந்தால் நேரே கிணற்றுக்குப் போய்விடும். எந்த வயலில் உரத்தைக் குறைக்க வேண்டும் என்பதை இந்த வரைபடத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.