சூப்பர் ஹீரோவுக்குப் பிள்ளை பிறந்தால்: காமிக்ஸ் வாங்கித் தரும் பெற்றோருக்கு

பேட்மேனுக்கு ஒரு மகன் இருக்கிறான். பெயர் டேமியன், கதைக்குள் வரும்போது வயது பத்து. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, அவர்கள் அறிந்த பேட்மேன் பெற்றோரை இழந்த தனி ஆள். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு டேமியனை நன்றாகவே தெரியும், அவன் எப்படிச் செத்தான், யார் கொன்றார்கள் என்பது உட்பட.

குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் மனநல ஆலோசகர் நான். காமிக்ஸை எதிர்த்து இதை எழுதவில்லை. பேசவே மறுக்கும் பிள்ளைகள் பலர் முதலில் வாய் திறப்பது இந்தக் கதாபாத்திரங்களைப் பற்றித்தான், அதனால் எனக்கு இந்தப் புத்தகங்கள் மேல் நன்றியே உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சூப்பர்மேன் படிக்கும்போது சூப்பர்மேனாக நின்று படிக்கிறோம். அதே கதையில் சூப்பர்மேனுக்கு ஒரு மகன் வந்துவிட்டால், பத்து வயதுப் பிள்ளை அந்த மகனின் இடத்தில் போய் நின்றுகொள்கிறது. அப்புறம் அந்த மகனுக்கு நடப்பதெல்லாம் அதற்கே நடக்கிறது.

அந்த மகன்களுக்கும் மகள்களுக்கும் என்ன நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

காரணம் எளிது. சூப்பர்மேன் வந்தது 1938-இல், பேட்மேன் 1939-இல். இத்தனை ஆண்டுகள் ஆகியும் இருவரும் முப்பதுகளைத் தாண்டாத மாதிரியே வரையப்படுகிறார்கள், மாதாமாதம் புத்தகம் வந்தாக வேண்டும், அடுத்த தலைமுறை வாசகருக்கும் அதே ஹீரோ வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டால் இந்தக் கணக்கு குழம்பிப்போகிறது, ஏனென்றால் பிள்ளை வளர வேண்டும், அது வளர்ந்தால் அப்பாவுக்கு வயதானது தெரிந்துவிடும். அதனால் ஓர் எழுத்தாளர் ஆசையாகக் கொண்டுவந்த குழந்தையை அடுத்து வருபவர் வளராமல் நிறுத்திவிடுகிறார், அல்லது கொன்றுவிடுகிறார், அல்லது வேறு காலத்துக்கோ உலகத்துக்கோ அனுப்பிவிடுகிறார், இல்லையென்றால் ஒரே இதழில் பெரியவனாக்கிவிடுகிறார்.

ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோ குழுவில் இருக்கும் தம்பதியின் மகன் ஃபிராங்க்ளின் 1968-இல் பிறந்தான், பல பத்தாண்டுகள் சிறுவனாகவே இருந்தான். அவனுடைய சக்தி கட்டுக்கு அடங்காமல் போய்விடும் என்று பயந்து, 1973-இல் வந்த ஒரு கதையில் அப்பா ரீட் ரிச்சர்ட்ஸ் மகனின் மனத்தையே செயலிழக்கச் செய்துவிடுகிறார். அம்மா சூ அவரைவிட்டுப் பிரிந்து போகிறார். பயந்துபோன அப்பா, வீட்டில் யாரையும் கேட்காமல், உன் நன்மைக்குத்தான் என்று சொல்லிப் பிள்ளை மேல் ஒரு முடிவைத் திணிப்பதை நான் அடிக்கடி பார்ப்பதால், இந்தக் கதை எனக்குப் பழையதாகத் தெரிவதே இல்லை.

அக்வாமேனின் கைக்குழந்தையை 1977-இல் வில்லன் மூச்சுத் திணறடித்துக் கொன்றான். ராய் ஹார்ப்பர் என்ற இன்னொரு ஹீரோவின் சின்ன மகள் லியான் 2010-இல் கொல்லப்பட்டாள், அவளுடைய சாவு அப்பா கோபக்காரனாக மாறுவதற்கு ஒரு காரணமாக மட்டுமே பயன்பட்டது. ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1996-இல் பிறக்க வேண்டிய மகள் கைக்கு வந்து சேரவே இல்லை, 2007-இல் அவர்கள் திருமணமே அழிக்கப்பட்டது. அந்தக் கதையில், இனி பிறக்கவே போகாத மகளைச் சிவப்பு முடியுள்ள சிறுமியாக வரைந்து காட்டினார்கள். எக்ஸ்-மென் குழுவின் சைக்ளாப்ஸ் 1986-இல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் பழைய காதலியைத் தேடிப் போனார். பின்னால் வந்தவர்கள் அதைச் சமாளிக்க அந்த மனைவியை வில்லியாக்கினார்கள். விட்டுப்போனவர் ஹீரோவாகவே தொடர, விடப்பட்டவள் கெட்டவளாகிறாள். இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

டேமியனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அறையில் அதிகம் கேட்கும் பெயர் அவனுடையது. அவன் அம்மா டாலியா, கொலைகாரர் கூட்டம் ஒன்றின் தலைவர் ராஸ் அல் கூலின் மகள். பிள்ளை பிறந்ததே புரூஸ் வேய்னுக்கு, அதாவது பேட்மேனுக்கு, தெரியாது. கொல்லப் பழக்கி வளர்க்கப்பட்ட பையனை 2006-இல் அம்மா கொண்டுவந்து அப்பாவிடம் விடுகிறாள். திமிர் பிடித்தவன், யாரையும் மதிக்காதவன், அடிக்கக் கை நீட்டுபவன். ஆனால் அப்பா ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்குபவன். கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறான். ஒரு கதையில் அறுப்புக்குப் போக இருந்த பசுவைக் காப்பாற்றி வீட்டுக்கே கூட்டிவந்து, இனி இறைச்சி தொட மாட்டேன் என்கிறான். கோபக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கிய எத்தனையோ பையன்களுக்கு இந்தப் பசுதான் பிடித்த இடம்.

இவனை 2013-இல் கொன்றார்கள். பெற்றோர் இருவரும் எதிரெதிர் நிற்கும் சண்டையில், மகன் அப்பா பக்கம் வந்துவிட்டான் என்பதால் அம்மாவே அவன் தலைக்கு விலை வைக்கிறாள். அவனைக் கொல்பவன் அம்மா அவன் உடலிலிருந்தே உருவாக்கி வளர்த்த ஒரு நகல். பெரியவர்களுக்கு இது பிரம்மாண்டமான சோகக் கதை. அப்பாவும் அம்மாவும் நீதிமன்றத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளை படிக்கும்போது மனதில் பதிவது வேறு: ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் இன்னொருவர் தண்டிப்பார். இதை அவர்கள் இப்படித் தெளிவாகச் சொல்வதில்லை. “அவன் அப்பாகிட்ட போனதுனாலதான் செத்தான்” என்பார்கள், அல்லது பக்கத்தைப் புரட்டாமல் அங்கேயே நிற்பார்கள்.

அப்போது தயவுசெய்து “அது வெறும் கதைதானே” என்று சொல்லாதீர்கள். கதை என்று பிள்ளைக்குத் தெரியும், கதையாக இருப்பதால்தான் தன்னைப் பற்றிச் சொல்லாமல் அதைப் பற்றிச் சொல்கிறது. “டேமியன் அப்போ என்ன நினைச்சிருப்பான்?” என்று கேளுங்கள். பதில் எவ்வளவு நேரம் வராமல் இருந்தாலும் காத்திருங்கள். “உனக்கும் அப்படித்தான் தோணுதா?” என்று உடனே பிள்ளை மேல் திருப்பாதீர்கள், கதாபாத்திரத்துக்குப் பின்னால் நின்று பேசும் பாதுகாப்பை நாமே பறித்துவிடக் கூடாது. அதன்பின் வேறொரு நேரத்தில், கதையைத் தொடாமல், “நீ அப்பாகிட்ட இருந்தாலும் அம்மாவுக்கு உன்மேல கோபம் வராது” என்று அம்மாவே சொல்ல வேண்டும். அப்பாவும் அதையே சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது முகமும் அப்படி இருக்க வேண்டும்.

டேமியன் 2014-இல் உயிரோடு திரும்பிவிட்டான், அப்பா போய் மீட்டுவந்தார். இங்கே இன்னொரு எச்சரிக்கை. சாவு என்பது திரும்பி வர முடியாதது என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் உறுதியாகப் புரிந்துகொள்கிறார்கள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்து, பிள்ளை அந்த வயதில் இருந்து, செத்தவர்கள் எல்லாம் எழுந்து வரும் கதைகளில் மூழ்கியும் இருந்தால், “தாத்தா எப்ப வருவார்?” என்ற கேள்வி வரும். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று மழுப்பாமல், தாத்தா இறந்துவிட்டார், அவர் உடல் இனி வேலை செய்யாது, காமிக்ஸில் வருகிற மாதிரி நிஜத்தில் திரும்பி வர முடியாது என்று சின்ன வார்த்தைகளில் சொல்லிவிடுங்கள். பிள்ளை அழும், அழட்டும், கூடவே இருங்கள்.

இதே டேமியன் சாவுக்குப் பின் வந்த பேட்மேன் அண்ட் ராபின் 18-ஆம் இதழை நான் மிகவும் மதிக்கிறேன். பீட்டர் டொமாசி எழுதி பேட்ரிக் கிளீசன் வரைந்தது. இதழ் முழுவதும் யாரும் பேசுவதில்லை. மகன் எழுதிவைத்துப் போன கடிதத்தைப் படித்து உடைந்துபோகும் ஓர் அப்பாவை வெறும் படங்களால் காட்டுகிறார்கள். துக்கத்தில் வாய் திறக்க முடியாத அப்பாக்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதை நான் பரிந்துரைப்பது உண்டு, ஆனால் தனியாகப் படிக்கக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து.

அடுத்து சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட். 2016 முதல் வந்த கதைகளில் அவன் பத்து வயதுப் பையன், கிராமத்துப் பண்ணையில் அம்மா லோயிஸ், அப்பா கிளார்க்கோடு வளர்கிறான், தன் சக்தி தனக்கே பயமாக இருப்பதை அப்பாவிடம் சொல்ல முடிகிறது. 2017-இல் டேமியனோடு சேர்ந்து சூப்பர் சன்ஸ் என்ற தனித் தொடர் வந்தது, வெடுக்கென்ற ஒருவனும் வெள்ளந்தியான ஒருவனும் சண்டை போட்டுக்கொண்டே நண்பர்களாவது அத்தனை அழகு. பிறகு 2018-இல் எழுத்தாளர் மாறினார். ஜான் தாத்தா ஜோர்-எல்லோடு விண்வெளிக்குப் போகிறான், பெற்றோர் கணக்கில் சில வாரங்கள்தான், திரும்பும்போது வயது பதினேழு. இடையில் வேறொரு பூமியில், அப்பாவின் முகமே கொண்ட ஒரு கொடியவன் அவனைப் பல வருடங்கள் எரிமலைக்குள் அடைத்துவைத்திருந்தான்.

இந்தத் திருப்பத்தைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். ஒரு சிறுவனின் வளரும் பருவம் முழுவதும் சிறையில் போனது, அதுவும் அப்பா முகத்தோடு இருக்கும் ஒருவனிடம். கதை அதை நின்று பார்க்காமல் அடுத்த சாகசத்துக்கு ஓடிவிடுகிறது. ஜானோடு சேர்ந்து பத்து வயதில் இருந்த வாசகப் பிள்ளைகளுக்கு, கூடவே விளையாடியவன் சொல்லாமல் கொள்ளாமல் பெரியவனாகிவிட்டான். பெற்றோர் பக்கம் ஒரு வலி உண்டு, வளைகுடாவில் வேலை பார்த்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும் அப்பாக்கள் அதை உடனே புரிந்துகொள்வார்கள். விட்டுப்போன பிள்ளை ஒன்று, வந்து பார்க்கும் பிள்ளை வேறொன்று. அப்படி வருபவர்களுக்கு நான் சொல்வது, பழைய பிள்ளையைத் தேடாதீர்கள், இப்போது அவனுக்கு என்ன பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள், மார்க் ஷீட்டை நாலு நாள் கழித்துக் கேட்கலாம்.

2021-இல் ஜான் தானே சூப்பர்மேனாகும் தொடர் வந்தது. அதில் அவன் ஆண், பெண் இருபாலரிடமும் ஈர்ப்பு கொள்பவன் என்று எழுதினார்கள். ஜான் கதை பற்றி என்னிடம் பதறிக்கொண்டு வரும் பெற்றோர் கேட்பது இந்த ஒன்றை மட்டும்தான். பிள்ளை கேட்டால், சிலர் அப்படி இருப்பார்கள், அதில் தவறில்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம், அதற்கு மேல் பிள்ளைக்குத் தேவைப்படாது. பதற வேண்டியிருந்தால் அந்த எரிமலைக்காகப் பதறுங்கள்.

நல்லவையும் இருக்கின்றன. 1998-இல் டாம் டிஃபால்கோவும் ரான் ஃபிரென்ஸும் ஸ்பைடர்மேனின் மகள் மேவை வேறொரு காலக்கோட்டில் வளரவிட்டார்கள். அப்பா பீட்டர் ஒரு காலை இழந்தவர், காவல்துறைத் தடயவியல் கூடத்தில் வேலை பார்க்கிறார், மகள் முகமூடி போடப் போகிறாள் என்று தெரிந்ததும் பயப்படுகிறார், கோபப்படுகிறார், பேசுகிறார். வயதுப் பெண் இருக்கும் வீட்டில் தாராளமாக வாங்கலாம். லூக் கேஜ், ஜெசிகா ஜோன்ஸ் என்ற ஹீரோ தம்பதிக்கும் மகள் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் திண்டாடுவதுகூட அந்தக் கதைகளில் வரும். 2024-இல் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேனில் பீட்டர் இரண்டு பிள்ளைகளின் அப்பா. மாயாவி என்றும் வேதாளர் என்றும் தமிழில் நாம் படித்த ஃபேண்டம் கதையின் அடித்தளமே அப்பாவுக்குப் பின் மகன் என்பதுதான், அவருக்கும் கிட், ஹெலாய்ஸ் என்று இரட்டைப் பிள்ளைகள் உண்டு. அப்பாவுக்கு வயதாகும், சாவார் என்பதை அந்தக் கதை முதலிலேயே ஒப்புக்கொண்டதால் அங்கே பிள்ளைகளை ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

வாங்கும்போது அட்டையில் வயதுக் குறியைப் பாருங்கள். ஸ்பைடர்மேன் கதைகளை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 2001 முதல் தானே தரம் பிரித்து அச்சிடுகிறது, டி பிளஸ் (T+) என்றிருந்தால் பதிமூன்று வயதுக்கு மேல். ஆனால் அந்தக் குறி ரத்தத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும்தான் பெரும்பாலும் உதவும், அம்மாவே மகன் தலைக்கு விலை வைப்பாள் என்பதை எந்த அட்டையும் சொல்லாது. அதனால் பெற்றோர் பிரிவு, தத்து, சாவு, வெளிநாட்டில் அப்பா என்று வீட்டில் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். ஒரு இதழுக்கு அரை மணி நேரம் ஆகாது.

படித்த பிறகு பிள்ளை சில வாரங்களாகத் தூங்காமல் இருந்தால், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், நான் இல்லாவிட்டால் நீங்க சண்டை போட மாட்டீங்களா என்று கேட்டால், அருகில் இருக்கும் குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். வரும்போது அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு வராதீர்கள். கூடவே கொண்டு வாருங்கள், எங்களுக்கு அது தேவைப்படும்.