கரிக்குக் காற்றை அளந்து கொடுக்கும் பெட்டி

அமெரிக்காவில் பிரிஸ்கெட் என்று சொல்லப்படும் மாட்டு நெஞ்சுக்கறியை ஐந்தாறு கிலோ துண்டாக எடுத்து, கரி ஸ்மோக்கர் என்ற மூடிய புகை அடுப்புக்குள் வைத்து, 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலாகப் புகையில் வேகவிடுவார்கள். டெக்சஸ்காரர்கள் இந்த விஷயத்தில் அவசரப்பட மாட்டார்கள். அவசரப்பட்டாலும் பலன் இல்லை. அந்தக் கறியில் கொலாஜன் என்ற முரட்டு நார்ப்புரதம் நிறைய இருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் கிடந்தால்தான் அது இளகி ஜெலட்டின் ஆகும். சூட்டைக் கூட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தால், உள்ளே நார் இளகுவதற்குள் வெளியே கறி வறண்டுவிடும்.

ஆக, ராத்திரி முழுக்க ஒரே சூடு வேண்டும். கேஸ் அடுப்பு என்றால் குமிழைத் திருகிவிட்டுப் படுக்கலாம். கரியில் திருக என்ன இருக்கிறது? காற்று போகும் துவாரம் மட்டும்தான். கூடையில் எத்தனை கிலோ கரி கிடக்கிறது என்பது சூட்டைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறதோ அவ்வளவுதான் எரியும், அவ்வளவுதான் சூடு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாக மூடிய பீங்கான் ஸ்மோக்கர் ஒன்றில் மணிக்கு 100 கிராம் கரி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கரி பெரும்பாலும் கார்பன். 100 கிராம் கார்பன் முழுதாக எரிய ஏறக்குறைய 200 லிட்டர் ஆக்சிஜன் தேவை. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், அது சுமார் 1,000 லிட்டர் காற்று ஆகிறது. நிமிடத்துக்கு 16, 17 லிட்டர். உள்ளே போகும் ஆக்சிஜன் எல்லாம் கரியைத் தொடாது என்பதால் கொஞ்சம் கூடலாம். இதிலிருந்து கிடைக்கும் சூடு கிட்டத்தட்ட 900 வாட். பன்னிரண்டு மணி நேர வெப்பநிலை இந்தச் சிறு காற்றோட்டத்தை நம்பித்தான் நிற்கிறது. மூடி ஓரத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தால் போதும், கணக்கு தப்பிவிடும்.

ஸ்மோக்கரோடு மாட்டும் தானியங்கி கன்ட்ரோலர் என்ற கருவி கையில் எடுப்பது இந்தக் காற்றைத்தான். பாகங்கள் மூன்றே. கறிக்குப் பக்கத்தில் கம்பித்தட்டில் மாட்டும் சென்சார் ஒன்று, கீழ்த் துவாரத்தில் பொருத்தும் சின்ன ஃபேன் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு மின்னணுப் பெட்டி. சூடு குறைந்தால் ஃபேன் ஊதும், கூடினால் நிற்கும். சந்தையில் கிடைக்கும் சிறிய ஃபேன்கள் தடையில்லாத இடத்தில் நிமிடத்துக்கு 10 கன அடி, அதாவது சுமார் 280 லிட்டர் தள்ளக்கூடியவை. தேவையைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். அதனால்தான் அது தொடர்ந்து ஓடாமல் விட்டுவிட்டு ஊதுகிறது. பத்து விநாடியில் ஒரு விநாடி ஓடும், மீதி நேரம் சும்மா இருக்கும்.

யோசனை புதியது அல்ல. 1620களில் இங்கிலாந்தில் இருந்த டச்சுக்காரர் கார்னேலிஸ் டிரெபெல், முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க ஓர் அடுப்பு செய்தார். சூடு ஏறினால் குழாய்க்குள் இருக்கும் ஆல்கஹால் விரியும், அது பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு தண்டை உயர்த்தும், தண்டு அடுப்பின் காற்று வழியை மூடும். மின்சாரம் என்ற பேச்சே எழாத காலத்தில்!

ஆனால் "குறைந்தால் ஊது, கூடினால் நிறுத்து" என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஸ்மோக்கர் ஊஞ்சலாடும். ஊதிய காற்று கங்கைச் சிவக்க வைத்து, அந்தச் சூடு சென்சாரை எட்டச் சில நிமிடங்கள் பிடிக்கும். 110 வந்துவிட்டது என்று பெட்டி கண்டுகொள்ளும்போது, 125க்குப் போதுமான கங்கு ஏற்கெனவே பற்றியிருக்கும்.

இதற்குத்தான் பி.ஐ.டி. என்ற கணக்குமுறை; இப்போதைய விலகல், இதுவரை சேர்ந்த விலகல், அது மாறும் வேகம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது. கப்பலைத் தானாகத் திசை பிடித்துச் செலுத்துவதற்காக நிக்கோலாஸ் மினோர்ஸ்கி 1922இல் எழுதிய கட்டுரையில் இதன் கணிதம் தெளிவாக வந்தது. சுக்கான் பிடிப்பவர்கள் விலகலை மட்டும் பார்ப்பதில்லை, கப்பல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள் என்பதை அவர் கணக்காக மாற்றினார். ஸ்மோக்கரிலும் கேள்விகள் அவைதான். இப்போது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது? 95 என்றால் 15 டிகிரி, அதற்கேற்ப ஊது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது? நிமிடத்துக்கு 3 டிகிரி ஏறுகிறதென்றால், இன்னும் எட்டாவிட்டாலும் இப்போதே தணி.

மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் சூட்சுமமானது. இடைவெளியை மட்டும் பார்த்து ஊதினால், 110ஐத் தொட்டதும் இடைவெளி பூஜ்யம், ஃபேனும் பூஜ்யம். ஆனால் ஸ்மோக்கரின் சுவர் வழியே சூடு வெளியேறிக்கொண்டேதான் இருக்கிறது. அதை ஈடுகட்டக் கொஞ்சம் காற்று எப்போதும் வேண்டும். அதனால் சூடு 105, 106லேயே தேங்கி நிற்கும். எனவே இதுவரை சேர்ந்த பாக்கி எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வந்து, அதற்காகவும் ஒரு பங்கு ஊத வேண்டும். ராத்திரி குளிர்காற்று அடித்து வெப்ப இழப்பு கூடினாலும், கங்கின் மேல் நீறு பூத்து எரிதல் மந்தமானாலும் இந்தப் பங்குதான் சரிக்கட்டுகிறது.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் இந்தப் பெட்டிக்கு ஒரு கைதான். சூட்டை ஏற்றும், இறக்கத் தெரியாது. ஏசி போலக் குளிர்விக்க வழியில்லை, ஊதாமல் காத்திருப்பது ஒன்றே வழி. கனமான பீங்கான் ஸ்மோக்கர் ஒருமுறை 150க்குப் போய்விட்டால், சுவரில் தேங்கிய சூடு குறைய மணிக்கணக்கில் ஆகும். இதைப் பயன்படுத்தும் முறை முழுவதும் இந்தக் குறையிலிருந்துதான் பிறக்கிறது. கூடை நிறையக் கரி போட்டு எல்லாவற்றையும் பற்றவைக்கக் கூடாது. பற்றாத கரியின் மேல் ஒரு கை கங்கை மட்டும் வைக்க வேண்டும். ஜிம் மினியன் என்பவர் பெயரால் அமெரிக்காவில் பரவிய முறை இது. நெருப்பு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது மேல் துவாரம். அதை அகலத் திறந்தால் உள்ளே உள்ள சூடான காற்று தானாக மேலே எழுந்து வெளிக்காற்றைக் கீழிருந்து இழுக்கும். ஃபேன் நின்ற பிறகும் நெருப்பு வளரும், பெட்டி வேடிக்கை பார்க்கும். ஆகவே ஃபேன் வழியைத் தவிர கீழே எல்லாவற்றையும் அடைத்து, மேலே ஒரு கீற்று மட்டும் விட வேண்டும். கன்ட்ரோலர் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையான எதிரி ஓட்டைதான் என்பது என் கட்சி. விலை கூடிய பெட்டி வாங்குவதற்கு முன் மூடி விளிம்புக்கு நல்ல கேஸ்கெட் ஒட்டிப் பார்ப்பது மேல்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது இன்னொரு தொல்லை. திறந்ததும் சூடு சடாரென்று 60க்கு விழும். நெருப்பு அணைகிறது என்று எண்ணி ஃபேன் முழுவேகத்தில் ஊதும், பாக்கிக் கணக்கும் வீணாக ஏறும். மூடிய பிறகு சூடு எகிறும். நல்ல கன்ட்ரோலர்கள் இந்தச் சடார் இறக்கத்தை அடையாளம் கண்டு, சில நிமிடம் வாய் மூடி இருக்கும்.

கறிக்குள் குத்தும் இரண்டாவது சென்சாரில் புதியவர்களைப் பதற வைக்கும் ஒன்று தெரியும். 65, 70 டிகிரி வரை ஏறிய கறி அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிடும். ஸ்மோக்கர் 110இல்தான் இருக்கிறது, பெட்டியிலும் பழுதில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணம்தான். கறியின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது, வருகிற சூட்டையெல்லாம் எடுத்துப் போய்விடுகிறது. மேற்பரப்பு உலர்ந்ததும் மறுபடி ஏறத் தொடங்கும். பொறுமை இல்லாதவர்கள் கறியைத் தாளில் சுற்றி ஆவியை அடைப்பார்கள். உள்சூடு 95 டிகிரியை ஒட்டி வந்ததும் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம்.

காற்றைக் குறைத்து எரிக்கும் கரி கார்பன் மோனாக்சைடை நிறையவே விடும். வாசனை இல்லாததால் தெரியாது. வெளியே மழை என்று ஸ்மோக்கரைக் கார் ஷெட்டுக்குள் நகர்த்துவது உயிருக்கே ஆபத்து. சமையல் முடிந்ததும் எல்லாத் துவாரங்களையும் அடைத்தால் கங்கு அணைந்து, மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். அதற்கு முன் ஃபேனைக் கழற்றிவிட வேண்டும். ஊதாமல் நிற்கும் ஃபேனுக்குள் சூடு பின்னோக்கி வந்தால் பிளாஸ்டிக் இளகிவிடும்.